தூக்கணாங்குருவிக்குக் காது உண்டு

சேவுகம்பட்டி
15.6.2025

அன்புத் தங்கை மதிக்கு,

அக்கா மகேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி மட்டும் விடாமல் கூடவே இருக்கிறது. ஆனாலும் விடியுமுன்னே சம்பங்கித் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார். பெங்களூரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? விடுதியில் சோற்றுக்கு வெஞ்சனம் என்று ஏதாவது கண்ணில் காட்டுகிறார்களா?

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆப்பை எங்கள் போனில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். ஏற்றியதும் முதல் வேலையாக மைக்குக்கு அனுமதி கேட்டது. கொடுக்காவிட்டால் வருகைப்பதிவு போட முடியாதாம். அதிலிருந்து போனை எடுத்துப் பேசினாலே முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. உன் மச்சான் எனக்குக் கிறுக்கு என்கிறார். கிறுக்காகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீயும் தபாலிலேயே பதில் போடு.

எட்டாம் வகுப்பில் குழுவுக்கு ஒரு டேப் என்று, சிலேட்டு மாதிரிக் கைக்கணினி, வந்து இறங்கியிருக்கிறது. அதற்குத் திண்டுக்கல்லில் பயிற்சி வேறு. இனி ஆசிரியர் பாடம் சொல்லித் தரக் கூடாதாம். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, செய்து பார்த்து, தங்களுக்குள் சண்டை போட்டு, அறிவைத் தாங்களே கட்டி எழுப்பிக்கொள்வார்களாம். டேப் அதற்குத் துணை, நான் பக்கத்தில் இருந்தால் போதும். "அப்ப எனக்கு எதுக்குங்க நாற்காலி?" என்று கேட்டேன். பயிற்சி கொடுத்தவர் சிரிக்காமல், நாற்காலியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னார்.

உன்னிடம் சொல்ல வந்தது இதுதான். இத்தனை வருஷமாகத் தற்காலிக ஆசிரியையாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கல்வியாண்டுக்குள் ஒரு நிரந்தர இடம் வருகிறது. எனக்கும் கணக்கு டீச்சருக்கும்தான் போட்டி. புது முறையில் யார் நன்றாக நடத்துகிறார்கள் என்று வாராவாரம் அறிக்கை வருமாம், நிர்வாகம் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்குமாம். அந்த அறிக்கையை யார் தயாரிக்கிறார்கள் என்று கேட்டால் தலைமையாசிரியைக்கே தெரியவில்லை. இந்த இடமும் போய்விட்டால் இந்த வயதில் நான் எங்கே போய் நிற்பேன் மதி? நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறவள். இந்த டேப் எப்படிப்பட்டது என்று விசாரித்து எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
மகேஸ்வரி


பெங்களூரு
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதி எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவின் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறீர்களா? மச்சானைக் கேட்டதாகச் சொல். இங்கே வெஞ்சனம் என்றால் உருளைக்கிழங்கு, அது தீர்ந்தால் மறுபடியும் உருளைக்கிழங்கு.

தபால் எனக்கும் வசதிதான். எங்கள் அலுவலகத்தில் போனை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை அக்கா. எல்லா ஆப்பும் மைக் கேட்கத்தான் செய்யும். நீ எப்போதும் போல நடத்து. உன்னைப் போல அறிவியல் நடத்த அந்த வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?

அந்த டேப்பின் பின்பக்கத்தில் ஏதாவது படம் போட்டிருக்கிறதா? தூக்கணாங்குருவி மாதிரி? சும்மாதான் கேட்கிறேன்.

ஆடிக்காற்றில் தூசி அதிகம் இருக்கும். பார்த்துப் போய் வா.

உன்
மதி


சேவுகம்பட்டி
20.7.2025

அன்பு மதிக்கு,

எல்லோரும் சுகம். அப்பா எண்ணெய் தேய்க்க விடுவதில்லை, சட்டை அழுக்காகிறதாம். உனக்குத் தலைவலி வருமே, இப்போது எப்படி இருக்கிறது?

டேப்பின் பின்னால் தூக்கணாங்குருவியேதான் இருக்கிறது. பச்சை நிறத்தில், கூட்டின் வாயில் தொங்கிக்கொண்டு. நீ எப்படிச் சொன்னாய்? டேப்பைக் கண்ணால் பார்க்காமலே அதன் முதுகில் இருப்பதைச் சொல்கிறாயே.

பாடம் ஒலி. பயிற்சியில் சொன்னபடி நானும் வாயை மூடிக்கொண்டு நின்றுதான் பார்த்தேன். ஒரு குழு தீப்பெட்டித் தொலைபேசி செய்தது. நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்தினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "செத்த நேரம் சும்மா இருங்கப்பு, நான் சொல்றேன்" என்று கரும்பலகைக்குப் போனவள்தான், மணி அடிக்கிறவரை நானே பேசிவிட்டேன். பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரமே தலைமையாசிரியை கூப்பிட்டார். "மகேஸ்வரி, வகுப்புல நீங்களேதான் பேசுறீங்களாமே. ரிப்போர்ட்டு சிவப்புல வந்திருக்கு." வகுப்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நானும் பிள்ளைகளும்தான். பிறகு யார் சொன்னது?

எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சார் ரொனால்டு இருக்கிறார் அல்லவா, டேப்புகளுக்குச் சார்ஜ் போடுவது அவர்தான். என் பாடவேளையில் ஜன்னலோரம் வந்து நின்றுகொள்கிறார். நான் பார்த்தால் நகர்ந்துவிடுகிறார். ஆளைப் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் போல இருப்பார். அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தூக்கணாங்குருவிக்குப் பதில் சொல்.

அக்கா
மகேஸ்வரி


பெங்களூரு
17.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். நான் சுகம். தலைவலி கண்ணாடி மாற்றியதும் குறைந்துவிட்டது. அப்பாவும் மச்சானும் நலமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ரொனால்டு சாரைச் சந்தேகப்படாதே. அவருக்கும் அறிக்கைக்கும் என்ன சம்பந்தம் இருக்கப் போகிறது?

ஒரு யோசனை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஒரு கேள்வி கேட்டால் அதற்கான பதிலையும் நீயே சொல்லிவிடுகிற பழக்கம் உனக்கு உண்டு. வீட்டிலும் அப்படித்தான். அடுத்த முறை கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்பி ஜன்னலைப் பார். வகுப்பு அமைதியாக இருந்தால் இருக்கட்டும். கடைசியில் யாராவது ஒரு பிள்ளை வாயைத் திறக்கும். அது தப்பாகச் சொன்னாலும் நீ குறுக்கே போகாதே, இன்னொரு பிள்ளை திருத்தும்.

குருவிப் படம் இங்கே ஒரு விளம்பரத்தில் பார்த்தது.

இருமலுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடி. வகுப்புக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோ.

உன்
மதி


சேவுகம்பட்டி
7.9.2025

அன்பு மதிக்கு,

நாங்கள் சுகம். நீ சொன்ன கஷாயம் குடித்தேன், நன்றாகக் கேட்கிறது. அப்பாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்.

உன் யோசனையும் பலித்தது, வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். தீப்பெட்டித் தொலைபேசியை மறுபடி செய்யவைத்து, ஏன் கேட்கவில்லை என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றேன். நாக்கு நமநம என்றது. ஆனால் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ரஃபியா எழுந்து, நூலை இழுத்துப் பிடிக்காததால்தான் கேட்கவில்லை என்று சொன்னாள். எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் கேட்க, டேப்பில் நூல் அதிர்வதைப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினாள். நான் கரும்பலகையில் எத்தனை படம் போட்டாலும் அப்படி விளங்கியிருக்காது. அந்த வார அறிக்கை பச்சை. அதற்கடுத்ததும் பச்சை. தலைமையாசிரியை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் முதலில் போட்டுக்கொடுத்தவரை நான் விடவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். "ரொனால்டு சார், சன்னல்ல நின்னு கேட்டது போதும். உள்ளாற வந்து உக்காந்தே கேளுங்க, எழுதியனுப்ப வசதியா இருக்கும்." மனிதர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இப்போது யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எனக்கு வருத்தமில்லை.

தீபாவளிக்கு வந்துவிடு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு உன் மச்சான் வண்டியோடு வருவார்.

அக்கா
மகேஸ்வரி


பெங்களூரு
5.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

தீபாவளிக்கு வர முடியாது. விடுப்பு இல்லை.

ரொனால்டு சார் சொல்லியிருக்க மாட்டார் அக்கா. அவரிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசிவிடேன். எனக்காகப் பேசு.

உன்
மதி


சேவுகம்பட்டி
2.11.2025

அன்பு மதிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். தீபாவளிக்கு நீ இல்லாமல் அப்பா அதிரசத்தைத் தொடவில்லை. உன் கடிதம் ஏன் அத்தனை சின்னதாக வந்தது? உடம்புக்கு ஏதாவதா?

வகுப்பில் ஒன்று நடந்தது. ரஃபியா என்னிடம், "டீச்சர், நாம பேசுறத இந்த டேப்பு கேக்குமா?" என்றாள். யாருக்கம்மா தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிட்டேன்.

எந்த டேப் எவ்வளவு டேட்டா வெளியே அனுப்பியிருக்கிறது என்று டேப்பிலேயே ஓர் இடத்தில் காட்டுமாம். பிள்ளைகள் எல்லா டேப்பிலும் ஆப்பை மூடினார்கள். ஒன்றைப் பூட்டிய அறையில் வைத்தார்கள். ஒன்றைச் சத்துணவுக் கூடத்தில் காலி அண்டாவுக்குள் இறக்கி மூடிவைத்தார்கள். இன்னொன்றைச் சுற்றி உட்கார்ந்து நாள் முழுக்கச் சத்தமாகப் படித்தார்கள். பூட்டிய அறை டேப் அனுப்பியது ஒன்றுமேயில்லை. அண்டா டேப் கொஞ்சம் அனுப்பியிருந்தது, சமையல்கார அம்மா பக்கத்தில் நின்று யாரையோ வைதுகொண்டிருந்தாராம். படிப்பைக் கேட்ட டேப்பில்தான் ஏகமாக அனுப்பியிருந்தது. நான் அத்தோடு முடித்திருப்பேன். ரஃபியா விடவில்லை. "அந்த டேப்புலயே கோளாறா இருந்தா? மாத்தி வச்சுப் பாக்கணும் டீச்சர்" என்றாள். மாற்றி வைத்தார்கள். அப்போதும் பேச்சைக் கேட்டதுதான் அனுப்பியது.

அந்தப் பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிள்ளைகள் தாங்களாகக் கட்டிய அறிவில் எதுவும் இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆப்பை மூடினாலும் அது கேட்கிறது, எங்கேயோ அனுப்புகிறது.

ஆக, என்னைப் போட்டுக்கொடுத்தது ரொனால்டு சார் இல்லை. அவர் குஜிலியம்பாறைப் பக்கம் இன்னொரு பள்ளிக்குப் போய்விட்டார், தானே கேட்டு வாங்கிக்கொண்டு. நான் பேசிய பேச்சு என் காதிலேயே விழுந்துகொண்டிருக்கிறது.

பெட்டி கேட்டால் மட்டும் போதாது மதி, அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்க வேண்டும். அது யார்? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

அக்கா
மகேஸ்வரி


சேவுகம்பட்டி
30.11.2025

மதி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. இந்த முறை நான் நலம் விசாரிக்கப் போவதில்லை. காரணம் சொல்கிறேன்.

பதில் வராத எரிச்சலில் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஆவணிக் கடிதத்தின் கடைசியில் இருமலுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடி என்று எழுதியிருக்கிறாய். அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. நலம் விசாரிக்கிற வரிகளை யார் நிறுத்திப் படிக்கிறார்கள்? நானும் சமர்த்தாகக் கஷாயம் வைத்துக் குடித்தேன்.

எனக்கு இருமல் என்று உனக்கு நான் எழுதவே இல்லை. நீங்கள் மதியிடம் சொன்னீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன், உனக்கு இருமலா என்று என்னையே திருப்பிக் கேட்டார். வீட்டில் நான் இருமுவது கிடையாது. சாக்பீஸ் தூசிக்கு, எட்டாம் வகுப்பு அறையில் மட்டும்தான் அந்த இருமல்.

தூக்கணாங்குருவியையும் நீ விளம்பரத்தில் பார்க்கவில்லை.

மகேஸ்வரி


பெங்களூரு
14.12.2025

அக்கா,

ஆமாம், நான்தான்.

தரவு சரிபார்க்கும் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேனே, அது இதுதான். தூக்கணாங்குருவி எங்கள் கம்பெனியின் சின்னம். தமிழ் வகுப்புகளின் பதிவு வரும். காதில் மாட்டிக்கொண்டு, எது ஆசிரியர் பேச்சு, எது பிள்ளைகள் பேச்சு என்று குறிக்க வேண்டும். பள்ளியின் பெயர் வராது, ஒரு எண்தான் வரும். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், "செத்த நேரம் சும்மா இருங்கப்பு" என்று ஒரு குரல் வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டேன். மணி அடிக்கிறவரை நீதான் பேசினாய். உள்ளது உள்ளபடி குறித்தேன். அந்தச் சிவப்பு நான் போட்டது.

என்னால்தான் உன் இடம் போகப் போகிறதோ என்று பயந்துதான் அந்த யோசனையை எழுதினேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வகுப்பில் வாயையே திறக்க மாட்டாய், எனக்கும் வேலை போய்விடும். இரண்டும் சேர்ந்து என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது. ரொனால்டு சாரை நீ பேசியதாக எழுதியபோது அந்தச் சின்னக் கடிதத்தைத்தான் எழுத முடிந்தது.

ஒன்று மட்டும் நம்பு. பின்னால் வந்த பச்சை எல்லாம் நீ சம்பாதித்தது. நான் எதையும் கூட்டவில்லை.

மதி


சேவுகம்பட்டி
18.1.2026

மதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு அப்பா உன் பேரைச் சொல்லி ஒரு கரும்பைத் தனியே எடுத்து வைத்தார், காய்ந்துகொண்டிருக்கிறது.

விடுமுறையில் குஜிலியம்பாறைக்குப் பஸ் ஏறிப் போனேன். ரொனால்டு சாரிடம் தப்பு என்னுடையது என்றேன். அவர் சொன்னதைக் கேள். "நான் சன்னல்ல நின்னது நெசந்தான் டீச்சர். நீங்க நடத்துற பாடத்தக் கேக்கத்தான் நின்னேன். அத வெளிய சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு." எனக்குக் குடிக்கத் தண்ணீர் வேறு கொடுத்தார்.

பச்சை எல்லாம் நான் சம்பாதித்தது என்று எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. தங்கை கையில் அக்காவின் மதிப்பெண் இருந்தால் எந்தத் தங்கைக்குத்தான் கை நீளாது? அந்த இடம் எனக்குக் கிடைத்தாலும், நானாக ஏறி உட்கார்ந்தேனா, நீ தூக்கி உட்காரவைத்தாயா என்று தெரியாமல் மிச்சக் காலத்தை ஓட்ட முடியாது. அதனால் பிள்ளைகள் செய்ததை நானும் செய்தேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் முழுக்கப் பழையபடி நானே பேசினேன். பிள்ளைகளுக்கு ஒரு கேள்விகூட விடவில்லை. நீ எனக்காகக் கூட்டிப்போடுகிறவள் என்றால் அந்த வாரமும் பச்சைதான் வந்திருக்க வேண்டும்.

அப்பட்டமான சிவப்பு வந்தது மதி. நிர்வாகம் முடிவெடுப்பதற்கு முன் வந்த கடைசி அறிக்கை அது. தலைமையாசிரியை தலையில் அடித்துக்கொண்டார். நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன், சந்தோஷத்தில். நீ நேர்மையானவள் என்று தெரிந்துவிட்டது. வேறு எது போனாலும் போகட்டும்.

அக்கா
மகேஸ்வரி


பெங்களூரு
25.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவிடம் கரும்பைக் கடிக்க வேண்டாம் என்று சொல்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அந்த வாரத்தைக் கேட்டது நான் இல்லை அக்கா. நவம்பரில், பிள்ளைகள் செய்த சோதனையைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்ததுமே, சொந்தக்காரர் குரல் வருகிறது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். முதலிலேயே சொல்லாததற்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் பக்கத்துப் பதிவுகள் எனக்கு வருவதில்லை. அந்தச் சிவப்பைப் போட்டது யாரோ.

அதனால் உன் சோதனை என்னைப் பற்றி எதையும் காட்டவில்லை. போன கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட்டேன், அதற்கு என்னைத் திட்டு. நான் கூட்டிப்போடவில்லை என்று திரும்பச் சொல்லலாம், ஆனால் அதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை.

உன்
மதி


சேவுகம்பட்டி
8.2.2026

அன்புத் தங்கை மதிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா சுகம். கரும்பைக் கடித்தார், பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் மச்சான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? வேலைக்கு ஏதும் ஆபத்து இல்லையே?

நிரந்தர இடம் கணக்கு டீச்சருக்குப் போய்விட்டது. நான் இன்னும் தற்காலிகம்தான். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தேன். இல்லையென்று சொன்னால் பொய்.

மறுநாள் பெற்றோர் கூட்டம். ரஃபியாவும் மற்றவர்களும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் அந்தச் சோதனையைச் செய்து காட்டினார்கள். ரஃபியாவின் அத்தா எழுந்து, "எங்க பிள்ளைக பேசுறத வெளியூருக்கு அனுப்ப யாரக் கேட்டீங்க?" என்றார். டேப் இருக்கலாம், படம் பிடிக்கலாம், மைக் மட்டும் கூடாது என்று முடிவானது. அதன்படி எல்லா டேப்பிலும் மூடிவிட்டார்கள். நானும் பழைய பேச்சுக்குத் திரும்பவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு இப்போதும் ஜன்னலைத்தான் பார்க்கிறேன், ஆனால் அறிக்கைக்காக இல்லை. ஜன்னலில் யாராவது நின்றால் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. வேலையைப் பணயம் வைத்துச் செய்த சோதனையை ஒரு வரியில் வீணாக்கிவிட்டாயே என்று இருந்தது. மாற்றி வைத்துப் பார்க்கணும் என்று ரஃபியா சொன்னாள், அந்தப் பக்கம் ஆள் மாறியிருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு செத்த நேரம் உட்கார்ந்து யோசித்தேன். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு உன் கணக்கில்தான் இருந்திருக்கும். நானும் கடைசிவரை அதை நம்பிக்கொண்டு உன்னைக் கொண்டாடியிருப்பேன். உனக்குக் கிடைத்த நல்ல பேரை நீயே திருப்பிக் கொடுத்துவிட்டாய். இப்படி எழுதுகிறவள் எனக்குப் பொய்ப் பச்சை போட்டிருக்க மாட்டாள். எனக்கு இந்த அத்தாட்சி போதும்.

சித்திரைக்கு வா. வராவிட்டால் நானே பெங்களூருக்கு வந்து அந்த உருளைக்கிழங்கைத் தின்று பார்ப்பேன்.

ஒன்றை மட்டும் இதில் நான் எழுதவில்லை. எனக்கு இப்போது இருமல் இருக்கிறதா, விட்டுவிட்டதா என்று உனக்குத் தெரியாது. மைக்கை மூடியாகிவிட்டது. விசாரித்து ஒரு கடிதம் போடு, சொல்கிறேன்.

உன் அக்கா
மகேஸ்வரி